24 வயசில் கப்பல் ஏறிய டாக்டர்

நம்ம இதழில் இதுவரை வந்த வாழ்க்கை வரலாறுகளைப் பார்த்தால் பாதிப் பேர் விஞ்ஞானிகள், மீதிப் பேர் தொழிலதிபர்கள். இந்த முறை ஒரு டாக்டர், அதுவும் அமெரிக்கர். பெயர் சாமுவேல் பிஸ்க் கிரீன். யாழ்ப்பாணம் மானிப்பாயில் இன்னைக்கும் இவர் பேரில் ஒரு ஆஸ்பத்திரி இருக்கு. தமிழில் மருத்துவம், தமிழில் இன்ஜினியரிங்னு பேச்சு வந்தால் முதலில் இவரைச் சொல்லணும். நம்ம பக்கம் யாரும் அதிகமாகச் சொல்றதில்லை.

கிரீன் 1822-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வூஸ்டர் என்ற ஊரில் பிறந்தார். குடும்பம் சாதாரணக் குடும்பம் இல்லை. அண்ணன் ஆண்ட்ரூ கிரீன், நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் உருவாக முக்கியக் காரணமானவர்களில் ஒருவர். தனித்தனியாகக் கிடந்த பகுதிகளெல்லாம் 1898-ல் ஒரே நியூயார்க் நகரமாக ஆனதிலும் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. தம்பியும் நியூயார்க்கில்தான் மருத்துவம் படித்து 1845-ல் பட்டம் வாங்கினார். நினைச்சிருந்தால் அங்கேயே போர்டு மாட்டி உட்கார்ந்திருக்கலாம்.

ஆனால் பாஸ்டனில் இருந்த அமெரிக்க மிஷன் சங்கத்தில் சேர்ந்து, 1847 ஏப்ரலில் கப்பல் ஏறிட்டார். வயசு 24. நம்மை விட மூணு வயசுதான் கூட.

அந்த மிஷன் 1816-லேயே யாழ்ப்பாணம் வந்துவிட்டது. 1819-ல் ஜான் ஸ்கடர் என்ற டாக்டரும் அமெரிக்காவிலிருந்து கிளம்பி அங்கே வந்தார். வேலூர் சிஎம்சியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் அவருடைய பேத்திதான். அதனால் கிரீன் போனது யாருமே போகாத பாதை இல்லை. ஆனால் பாதை சுலபமும் இல்லை. சூயஸ் கால்வாய் திறந்ததே 1869-ல். அதுக்கு முன்னாடி ஆப்பிரிக்காவின் தெற்கு முனையைச் சுத்தித்தான் வரணும். ஏப்ரலில் கிளம்பியவர் அக்டோபரில்தான் யாழ்ப்பாணம் சேர்ந்தார். ஒரு செமஸ்டர் முழுக்கக் கடல்லயே போச்சுன்னு வச்சுக்கோங்க.

அவர் என்ன மருத்துவத்தைக் கொண்டு வந்தார்னு யோசிச்சால் இன்னும் ஆச்சரியம். ஈதர் கொடுத்து மயக்கி அறுவை சிகிச்சை செய்யலாம்னு அதே பாஸ்டனில் எல்லோருக்கும் முன்னால் செய்து காட்டியது 1846 அக்டோபரில். அதாவது இவர் கிளம்புறதுக்கு ஆறே மாசம் முன்னாடி. கிருமியால் நோய் வருதுன்னு டாக்டர்கள் இன்னும் ஒத்துக்கொள்ளாத காலம். அப்படிப்பட்ட நேரத்தில், பாஷை தெரியாத ஊருக்கு, தனி ஆளாக வந்து இறங்கினார்.

வந்ததும் தமிழ் படிக்க ஆரம்பிச்சார். 1848-ல் மானிப்பாயில் வைத்தியம் பார்த்துக்கிட்டே மருத்துவ வகுப்பும் தொடங்கினார். வகுப்பு முதலில் இங்கிலீஷில்தான் நடந்தது. இங்கேதான் கதை நம்ம கதை மாதிரி ஆகுது. இங்கிலீஷில் படிச்சு முடிச்ச பசங்க, கிராமத்தில் தங்காமல் அரசாங்க வேலைக்குப் போக ஆரம்பிச்சாங்க. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. நல்ல சம்பளம், நிலையான வேலை. ஆனால் ஊரில் காலரா வந்தால் பார்க்க ஆள் வேணுமே. அதனால் 1860-களில் கிரீன் வகுப்பை அப்படியே தமிழுக்கு மாற்றினார். தமிழில் படிச்சவன் தன் ஊரிலேயே இருப்பான் என்பது அவர் கணக்கு.

மாற்றினால் புத்தகம் வேணும். அவரே மாணவர்களையும் உதவியாளர்களையும் வைத்து எழுத ஆரம்பித்தார். 1857-லேயே பிரசவ வைத்தியம் வந்திருந்தது. பிறகு இரண வைத்தியம், அதாவது அறுவை சிகிச்சை. 1872-ல் மனுஷ அங்காதிபாதம். இது மெடிக்கல் காலேஜ் பசங்க தூக்கிக்கிட்டுத் திரியுற கிரேஸ் அனாட்டமி! லண்டனில் அது முதலில் வந்தது 1858-ல். பதினாலு வருஷத்தில் தமிழில் வந்தாச்சு. 1875-ல் நம்ம நாகர்கோவிலில் ஒரு வேதியியல் புத்தகம் அச்சாச்சு, அதன் பெயர் கெமிஸ்தம். மொத்தம் நாலாயிரம் பக்கத்துக்கும் மேல். வார்த்தைக்கு முதலில் தமிழில் தேடுவது, கிடைக்காவிட்டால் சமஸ்கிருதம், அதுவும் இல்லாவிட்டால் இங்கிலீஷ் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதுவது, இதுதான் அவர் வழி.

கெமிஸ்தம் என்ற பெயரைப் பார்த்து முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. அப்புறம் எங்க ஆச்சி ஞாபகம் வந்தது. எங்க ஊர் சிவகாசிப் பக்கம் ஆனைக்குட்டம். ஆச்சி பல வருஷம் பட்டாசு வேலைக்குப் போனவங்க. அவங்களுக்கு வெடியுப்பு தெரியும், கந்தகம் தெரியும், பச்சை உப்பு தெரியும். எங்க பக்கம் மருந்துன்னு சொன்னாலே மாத்திரை இல்லை, வெடிக்கிறதுதான். நான் எல்கேஜியிலிருந்து இங்கிலீஷ் மீடியம். நான் பரீட்சையில் எழுதுற பேரியம் நைட்ரேட்டும் ஆச்சி கையில் அளந்த பச்சை உப்பும் ஒண்ணுதான்னு எனக்கு மூணாவது செமஸ்டர் லீவில்தான் தெரிஞ்சது. எதை எதோட சேர்த்து உரசக் கூடாது, ஏன் கூடாதுன்னு தமிழில் ஆச்சிக்கு விளக்க ஆரம்பிச்சேன். ரெண்டு நிமிஷத்தில் வார்த்தை தீர்ந்துபோச்சு. ஆச்சிக்கு அது முன்னாடியே தெரியும் என்பது வேற விஷயம்.

கிரீனைத் தெய்வமாக்க நான் எழுதலை. அவர் வந்ததன் நோக்கம் மதம் பரப்புறது. அதை அவர் மறைச்சதும் இல்லை. அவருடைய தமிழும் இன்னைக்குப் படிச்சால் சமஸ்கிருதம் நெருக்கி நிற்கும், எனக்குப் பல இடம் புரியலை. 1870-ல் கொழும்பில் அரசாங்க மருத்துவப் பள்ளி இங்கிலீஷில் தொடங்கியது. கிரீனுக்குப் பிறகு தமிழ் வகுப்பு நிலைக்கவில்லை. 2010-ல் அண்ணா பல்கலைக்கழகம் சிவிலும் மெக்கானிக்கலும் தமிழ் வழியில் தொடங்கினப்போ, வேலை கிடைக்குமான்னுதான் எல்லாரும் கேட்டாங்க. நானும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

நடுவில் ஒரு தடவை ஊருக்குப் போய், 1862-ல் கல்யாணம் முடிச்சு, மனைவியோடு திரும்ப யாழ்ப்பாணம் வந்தார். 1873-ல் உடம்பு முடியாமல் அமெரிக்கா போனபோது, 60-க்கும் மேற்பட்ட டாக்டர்களை உருவாக்கியிருந்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் வூஸ்டரில் உட்கார்ந்து மறுபடி தமிழ் மொழிபெயர்ப்பு. கையெழுத்துப் பிரதிகள் யாழ்ப்பாணத்துக்கும் அமெரிக்காவுக்கும் கப்பல் தபாலில் போய்ப் போய் வந்தன. மனுஷ சுகரணம் என்ற உடலியல் புத்தகம் அப்படி 1883-ல் வெளிவந்தது. அடுத்த வருஷம் மே மாதம் அவர் இறந்துபோனார்.

வூஸ்டரில் இருக்கிற அவர் கல்லறையில், தமிழர்களுக்கு மருத்துவ ஊழியம் செய்தவர்னு எழுதியிருக்கு. அப்படி எழுதச் சொன்னது அவரேதான்.