மணலில் 'அ' எழுதிப் பழகிய ஜெர்மன்காரர்: சீகன்பால்குவுக்கு தமிழ் சொல்லிக்கொடுத்தது யார்?

புதுசா ஒரு மொழி கத்துக்கணும்னா இன்னைக்கு போனில் ஒரு ஆப் போதும். அகராதி, வீடியோ எல்லாம் கையிலேயே இருக்கு. இந்த வசதிகள் எதுவும் இல்லாமல் காவிரி டெல்டாவின் கடலோர ஊர் ஒன்றில் வந்திறங்கி, சில ஆண்டுகளிலேயே தமிழில் பேசி, எழுதி, புத்தகமும் அச்சிட்டவர் சீகன்பால்கு. அது எப்படி சாத்தியமானது?

யார் இந்த சீகன்பால்கு?

பர்த்தலோமேயு சீகன்பால்கு 1682-ல் ஜெர்மனியின் புல்ஸ்னிட்ஸ் ஊரில் பிறந்தவர். டென்மார்க் மன்னர் 4-ம் ஃபிரெடெரிக் அனுப்பிய மிஷனரியாக, நண்பர் புளுட்சோவுடன் 1706 ஜூலை 9-ம் தேதி தரங்கம்பாடி வந்து சேர்ந்தார். தஞ்சை நாயக்க மன்னர் ரகுநாதர் 1620-ல் டேனிஷ்காரர்களுக்கு வணிகம் செய்ய விட்டுக்கொடுத்த ஊர் அது. இப்போது மயிலாடுதுறை மாவட்டத்தில் இருக்கிறது.

அன்றைய துறைமுகத்தில் ஐரோப்பியர்களுக்கும் உள்ளூர்க்காரர்களுக்கும் நடுவில் ஓடியது போர்ச்சுகீசிய மொழிதான். மீதியை துபாஷிகள் பார்த்துக்கொண்டார்கள். சீகன்பால்குவும் போர்ச்சுகீசியம் கற்றார். ஆனால் ஊர் மக்களோடு நேரடியாகப் பேச அது போதவில்லை.

பிள்ளைகளோடு தரையில்

வயதான திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரிடம் பேசி, அவருடைய பள்ளியையே தன் வீட்டில் நடத்தச் சொன்னார். சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, விரலால் மணலில் எழுத்துகளை எழுதிப் பழகினார். எழுத்து சீக்கிரம் வந்துவிட்டது. சிக்கல் அதற்குப் பிறகுதான். ஆசிரியருக்கு போர்ச்சுகீசியம் தெரியாது. அதனால் படிக்க முடிந்ததே தவிர, படித்ததற்குப் பொருள் புரியவில்லை.

அந்த இடைவெளியை நிரப்பியவர் அழகப்பன். ஐரோப்பிய ஆவணங்களில் இவர் பெயர் அலெப்பா. டேனிஷ் கம்பெனியில் துபாஷியாக இருந்தவர், பல ஐரோப்பிய மொழிகள் தெரிந்தவர். சொல்லுக்குப் பொருள் சொன்னதோடு, ஊர் வழக்கம், சடங்கு, நம்பிக்கை பற்றிய கேள்விகளுக்கும் பதில் சொன்னார்.

பிறகு புலவர் ஒருவரும் எழுத்தர்களும் சேர்ந்தார்கள். காலையில் முந்தைய நாள் சொற்களைத் திரும்பச் சொல்வது, பிறகு மதியம் வரை ஓலைச்சுவடி வாசிப்பது, புரியாத இடத்தில் நிறுத்திக் கேட்பது. இதுதான் அவருடைய தினசரி பாடம்.

இன்றைய ஆய்வு சொல்வது என்ன?

ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகோட்ஸ்கி (1896-1934) ஒரு முக்கியமான கருத்தைச் சொன்னார். தனியாகச் செய்ய முடியாத ஒன்றை, தெரிந்தவர் துணையோடு முதலில் செய்கிறோம், பிறகுதான் அது நம்முடையதாகிறது என்பதே அது. இரண்டாம் மொழி ஆய்வில் இதை வைத்து சமூக-பண்பாட்டு அணுகுமுறை என்றே ஒரு பிரிவு வளர்ந்தது. ஒருவர் எத்தனை சொல் மனப்பாடம் செய்தார் என்பதோடு அது நிற்காது. யாரோடு, எந்தச் சூழலில், எதற்காகப் பேசினார் என்பதையும் பார்க்கும். அப்படிப் பார்த்தால் சீகன்பால்குவின் தமிழ் அவர் ஒருவரின் சாதனை இல்லை.

கற்றது என்ன ஆனது?

1708-லேயே நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளைப் பட்டியலிட்டார். நீதிவெண்பா, கொன்றை வேந்தன், உலகநீதி ஆகியவற்றை ஜெர்மனில் மொழிபெயர்த்தார். இவர்களுக்கு எழுத்தும் அறநூலும் இருக்காது என்ற எண்ணத்தோடு வந்தவர், படிக்கப் படிக்க அது தவறு என்று எழுதினார். அச்சுக்கூடம் அமைத்து 1715-ல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் வெளியிட்டார். தமிழின் முதல் அச்சு நூல் இது இல்லை. தம்பிரான் வணக்கம் 1578-லேயே கொல்லத்தில் அச்சானது. அடுத்து வருபவர்களுக்காக லத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716-ல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சானது.

பழகிய ஆட்களின் பேச்சுவழக்கு அவர் எழுத்திலும் ஏறியது. தரங்கம்பாடி மிஷனரிகளின் தமிழை, செந்தமிழில் காவியம் பாடிய வீரமாமுனிவர் பின்னர் கடுமையாகக் குறை சொன்னார்.

விலை கொடுத்தவர்கள்

டேனிஷ் தளபதி ஹாசியஸுடன் ஏற்பட்ட மோதலில் சீகன்பால்கு 1708 நவம்பரில் கைதாகி, 4 மாதம் சிறையில் இருந்தார். அழகப்பன் பட்டது அதைவிட அதிகம். தரங்கம்பாடியிலிருந்து வெளியேற்றப்பட்டார், தஞ்சாவூரில் சிறையும் பட்டார்.

தென்னிந்தியத் தெய்வங்கள் பற்றி சீகன்பால்கு 1713-ல் எழுதி முடித்த நூலை, ஐரோப்பாவில் இருந்த அவருடைய மேலிடம் வெளியிடவில்லை. அது அச்சானது 1867-ல், சென்னையில்தான்.

1719 பிப்ரவரி 23-ம் தேதி, 36 வயதில் சீகன்பால்கு இறந்தார். தரங்கம்பாடியில் அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். அவர் அச்சிட்ட தமிழுக்குப் பின்னால் திண்ணை ஆசிரியரும், புலவரும், மணலில் கூடவே எழுதிய பிள்ளைகளும், ஊரை விட்டே போக வேண்டி வந்த அழகப்பனும் இருக்கிறார்கள்.