எரிக் ஹோஸ்கிங்

எரிக் ஜான் ஹோஸ்கிங் (அக்டோபர் 2, 1909 - பெப்ரவரி 22, 1991) இங்கிலாந்தைச் சேர்ந்த பறவை ஒளிப்படக் கலைஞர் ஆவார். காட்டுப் பறவைகளைப் படம்பிடிப்பதையே முழுநேரத் தொழிலாகக் கொண்டு வாழ்ந்த முதல் சிலருள் இவரும் ஒருவர். 1937 இல் ஆந்தை ஒன்று தாக்கியதில் இடக்கண்ணை இழந்தார். அதன் பின்னரும் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக இதே தொழிலில் நிலைத்து, ஐரோப்பா, மேற்கு ஆசியா, தெற்கு ஆசியா எனப் பல நாடுகளின் பறவைகளைப் பதிவு செய்தார்.

இளமை

ஹோஸ்கிங் இலண்டனில் பிறந்தார். சிறுவனாக இருந்தபோதே ஒரு பெட்டிக் கமரா அவர் கைக்கு வந்துவிட்டது. இளம் வயதிலேயே பள்ளியை விட்டு மோட்டார் வண்டி நிறுவனம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். 1929 இல் அந்த வேலை பறிபோனது. அதன் பின்னர் வேறு வேலை தேடிச் செல்லாமல், பொழுதுபோக்காக இருந்ததையே பிழைப்பாக்கிக் கொண்டார். பறவைப் படங்களை விற்றும், படங்காட்டிச் சொற்பொழிவு நிகழ்த்தியும் ஒருவர் வாழமுடியும் என்று அக்காலத்தில் எவரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

மறைவிடத்திலிருந்து படம்பிடித்தல்

1930களில் பறவைகளைப் படமெடுப்பது இன்று உள்ளது போன்றதன்று. கமராக்கள் கண்ணாடித் தகடுகளைக் கொண்டவை, கனமானவை, முக்காலியின்றிப் பயன்படாதவை. தகடுகளின் ஒளியுணர்திறன் குறைவு. தொலைவிலுள்ள பறவையைப் பெரிதாக்கிக் காட்டும் ஆற்றல்மிக்க வில்லைகளும் அரிதாகவே இருந்தன. ஆகவே பறவைக்கு ஓரிரு மீட்டர் அருகில் சென்றாக வேண்டும். பறவை தவறாமல் திரும்பி வரும் இடம் கூடு என்பதால், பெரும்பாலான படங்கள் கூட்டருகிலேயே எடுக்கப்பட்டன.

இதற்கெனத் துணியால் மூடிய சிறு கூடாரம் ஒன்று அமைக்கப்படும். முதலில் அதைத் தொலைவில் நிறுத்தி, பறவை அதற்குப் பழகப் பழக நாள்தோறும் சிறிது சிறிதாக நெருக்கிக் கொண்டுவருவர். படமெடுக்கும் நாளில் இருவர் கூடாரத்துக்குச் செல்வர். ஒருவர் உள்ளே அமர, மற்றவர் பறவையின் கண்ணில் படும்படி நடந்து வெளியேறுவார். வந்தவர்கள் எத்தனை பேர் என்று பறவை எண்ணிப் பார்ப்பதில்லை. ஒருவர் போனதும் ஆளில்லை என்று கருதிக் கூட்டுக்குத் திரும்பிவிடும். உள்ளே இருப்பவர் பல மணி நேரம் அசையாமல் இருக்க வேண்டும். மரக்கிளைகளில் கூடு கட்டும் பறவைகளுக்கு உயரமான சாரம் எழுப்பி, அதன் உச்சியில் கூடாரம் வைக்க வேண்டியிருந்தது.

1937 ஆம் ஆண்டு நிகழ்வு

1937 மே மாதம் வேல்சின் டோல்டவுலோட் என்னுமிடத்தில், டானி ஆந்தை எனப்படும் பழுப்பு நிற ஆந்தையின் கூட்டருகே ஹோஸ்கிங் இவ்வாறான மறைவிடம் ஒன்றை அமைத்திருந்தார். இவ்வகை ஆந்தை பிரித்தானியாவில் பரவலாகக் காணப்படுவது. குஞ்சுகள் உள்ள காலத்தில் மனிதரையும் தாக்கத் தயங்காதது. இருட்டில் அவர் மறைவிடத்துக்கு ஏறிக்கொண்டிருந்தபோது ஆந்தை பாய்ந்தது. ஆந்தையின் இறகு விளிம்புகள் மென்மையான சீப்புப் பற்கள் போல் அமைந்திருப்பதால், அது பறந்து வரும் ஓசை கேட்பதில்லை. அதன் நகம் இடக்கண்ணில் ஆழமாகப் பதிந்தது.

காயத்தில் நோய்த்தொற்று ஏற்பட்டது. பென்சிலின் போன்ற மருந்துகள் இன்னும் பயன்பாட்டுக்கு வராத காலம் அது. தொற்று மற்றக் கண்ணுக்கும் பரவி முழுப் பார்வையும் போகக்கூடும் என்ற நிலையில், இலண்டனில் இடக்கண் அகற்றப்பட்டது. அப்போது அவருக்கு வயது 27. கண்ணே முதலீடான தொழிலில் இதைவிடப் பெரிய இழப்பு இல்லை. எனினும் குணமடைந்தவுடன் அவர் மீண்டும் மறைவிடத்துக்குத் திரும்பினார். ஆந்தைகளைப் படமெடுப்பதையும் கைவிடவில்லை.

மின்னொளியும் பறக்கும் பறவையும்

பறக்கும் பறவையின் சிறகசைவைப் பழைய கமராக்களால் தெளிவாகப் பிடிக்க இயலவில்லை. இரண்டாம் உலகப் போரை அடுத்த ஆண்டுகளில் அதிவேக மின்னணு ஒளிர்விளக்கைப் பறவைகளுக்குப் பயன்படுத்திய முன்னோடிகளுள் ஹோஸ்கிங்கும் ஒருவர். அவ்விளக்கு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரமே ஒளிரும். பறவை குறுக்கே பறக்கும்போது ஒளிக்கற்றை தடைப்பட்டு, கமரா தானே இயங்கும் அமைப்பையும் அவர் கையாண்டார். வாயில் சிறு எலியைக் கவ்வியபடி, இரு சிறகுகளையும் விரித்து வந்திறங்கும் கூகையை அவர் 1948 இல் எடுத்த படம் மிகவும் புகழ்பெற்றது. அரச மரபுச் சின்னங்களில் வரையப்படும் கழுகைப் போன்ற தோற்றம் அதற்கு உண்டு.

1945 முதல் வெளிவரத் தொடங்கிய காலின்ஸ் பதிப்பகத்தின் நியூ நாச்சுரலிஸ்ட் நூல்வரிசையில், ஜூலியன் ஹக்ஸ்லி, ஜேம்ஸ் ஃபிஷர் ஆகியோருடன் ஒளிப்பட ஆசிரியராகப் பணியாற்றினார்.

வெளிநாட்டுப் பயணங்கள்

1950களிலிருந்து ஹோஸ்கிங்கின் பணி கூடுகளைக் கடந்து நிலப்பரப்புகளை நோக்கி விரிந்தது. கய் மவுண்ட்ஃபோர்ட் தலைமையில் எசுப்பானியாவின் கோட்டோ டோனானா சதுப்பு நிலத்துக்குச் சென்ற குழுவில் இவரும் இடம்பெற்றார். 1957 ஆம் ஆண்டுப் பயணத்தில் ஜூலியன் ஹக்ஸ்லியும், போர்க்காலப் படைத்தலைவராக இருந்த ஆலன்புரூக் பிரபுவும் கலந்துகொண்டனர். அங்கு எசுப்பானியப் பேரரசக் கழுகின் கூட்டை உயர்ந்த சாரத்திலிருந்து படம்பிடித்தார். மவுண்ட்ஃபோர்ட் எழுதிய நூல் 1958 இல் இப்படங்களுடன் வெளிவந்தது. அந்நிலத்தின் ஒரு பகுதி 1963 இல் உலக வனவிலங்கு நிதியத்தின் உதவியுடன் வாங்கப்பட்டு, 1969 இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. இதற்குப் படங்கள் மட்டுமே காரணம் என்று கூறமுடியாது. ஆயினும் அச்சதுப்பு நிலத்தை வெளியுலகம் அறிந்ததில் அவற்றுக்குப் பங்குண்டு.

பின்னர் 1960, 1961 ஆம் ஆண்டுகளில் பல்காரியா, அங்கேரி ஆகிய நாடுகளின் தன்யூப் ஆற்றுப் பகுதிகளுக்கும், 1960களின் நடுப்பகுதியில் யோர்தானுக்கும், 1966, 1967 ஆம் ஆண்டுகளில் பாக்கித்தானுக்கும் சென்றார். இன்றைய வங்காளதேசம் அப்போது கிழக்குப் பாக்கித்தானாக இருந்ததால், இறுதியாகக் குறிப்பிட்ட பயணங்கள் சுந்தரவனக் காடுகளையும் உள்ளடக்கியிருந்தன. யோர்தானில் பாலைவனத்தின் நடுவே அஸ்ரக் என்னும் நீர்நிலை வலசைப் பறவைகளின் தங்குமிடமாக விளங்கியது. நகரத் தேவைகளுக்கும் வேளாண்மைக்கும் நிலத்தடி நீர் அளவின்றி உறிஞ்சப்பட்டதால், அதன் ஊற்றுகள் 1992 அளவில் வற்றிவிட்டன. பின்னர் செயற்கையாக நீர் விடப்பட்டும் சிறு பகுதியே மீண்டது. அவரும் உடன் சென்றோரும் அங்கு எடுத்த படங்கள் அந்நீர்நிலையின் முந்தைய தோற்றத்துக்குச் சான்றாக உள்ளன.

விமர்சனம்

கூட்டருகே படமெடுக்கும் முறை பிற்காலத்தில் கேள்விக்கு உள்ளாயிற்று. சற்றுக் கவனக்குறைவு நேர்ந்தாலும் பறவை முட்டைகளைக் கைவிடும். விலக்கப்பட்ட கிளைகள் கூட்டை எதிரிகளுக்குக் காட்டிக்கொடுக்கும். பிரித்தானியாவின் 1981 ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி, அரிய பறவைகளின் கூட்டருகே அவற்றுக்கு இடையூறாகப் படமெடுக்க உரிமம் தேவை. ஹோஸ்கிங் கையாண்ட படிப்படியான அணுகுமுறை இவ்விடரைக் குறைத்ததேயன்றி முற்றாக நீக்கியதாகச் சொல்ல முடியாது.

பிற்காலம்

ஹோஸ்கிங்கின் தன்வரலாறான ஆன் ஐ ஃபார் எ பேர்ட் 1970 இல் வெளிவந்தது. பறவையைக் கண்டுகொள்ளும் தேர்ந்த கண் என்றும், பறவைக்காகக் கொடுத்த கண் என்றும் அத்தலைப்பு இருபொருள் தரும். 1977 இல் பிரித்தானிய அரசின் ஓ.பி.இ. விருது அவருக்கு வழங்கப்பட்டது. அரச பறவைகள் பாதுகாப்புச் சங்கத்தின் துணைத் தலைவராகவும் இருந்தார். 1982 இல் ஆந்தைகளுக்கென்றே தனியாக ஓர் ஒளிப்பட நூலை வெளியிட்டார். தமது 81 ஆம் வயதில் காலமானார்.