வேதாளத்திற்கும் இரங்கிய புதுமைப்பித்தன்

சிரித்தே உயிர் பறிக்கும் கொல்லிப்பாவையின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பேய், பூதம் என்றால் அஞ்ச வேண்டும் என்பதே நாம் கற்ற பாடம். அந்தப் பாடத்தை நகைச்சுவையாலேயே மாற்றி எழுதியவர் புதுமைப்பித்தன்.

இயற்பெயர் சொ. விருத்தாசலம். 1906 ஏப்ரல் 25ஆம் நாள் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். எட்டு வயதில் தாயை இழந்தார். தாசில்தாரான தந்தையின் அலுவல் நிமித்தம் செஞ்சி, திண்டிவனம், கள்ளக்குறிச்சி எனப் பல ஊர்களில் வளர்ந்து, பின் நெல்லை சேர்ந்தார். அங்கு இந்துக் கல்லூரியில் 1931இல் பி.ஏ. பட்டம் பெற்றார். சென்னை வந்து எழுத்தையே பிழைப்பாகக் கொண்டார். 'மணிக்கொடி' புகழ் தந்தது. 'தினமணி' சோறு போட்டது.

'வேதாளம் சொன்ன கதை'யில் வரும் வேதாளம் நம்மை மிரட்டவில்லை. சிரிக்க வைக்கிறது, இரங்கவும் வைக்கிறது. 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையிலோ, கடவுளே சென்னைக்கு வந்து பிழைக்க வழி தெரியாமல் திண்டாடுகிறார்! படைத்தவனே கைவிட்ட பூதத்தைப் பற்றி மேரி ஷெல்லி 1818இல் வெளியிட்ட நாவலைப் 'பிரேத மனிதன்' எனத் தமிழாக்கியவரும் இவரே. 'சாப விமோசன'த்தில் கல்லாய்க் கிடந்த அகலிகைக்காக வாதாடினார். ஒதுக்கப்பட்டவர் யாராயினும் அவர் பக்கம் நின்று பார்த்தது அவர் பேனா.

திரைப்படத் தொழிலை நம்பிப் புனே சென்றவர் காசநோயுடன் திரும்பினார். 1948 ஜூன் 30இல் திருவனந்தபுரத்தில், 42ஆம் வயதில், வறுமையிலேயே மறைந்தார். 2002இல் தமிழக அரசு அவர் நூல்களை நாட்டுடைமையாக்கியது.

வேதாளத்திற்கும் இடம் கொடுத்த கலைஞனுக்கு வாழும் நாளில் உலகம் இடம் கொடுக்கவில்லை. மாணவத் தோழர்களே, ஒருவரைக் கண்டு அஞ்சும் முன், அவர் பசியை விசாரிப்போம்!