மொண்டிசோரி என்றொரு மனுசி: போர்க்காலப் பிள்ளைகளைக் கண்டவரின் கதை

கடந்த மாதம் தொண்டைமானாற்றில் முன்பள்ளி ஒன்றின் பெற்றோர் கூட்டத்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ஓய்வுபெற்ற ரீச்சர் என்ற மரியாதைக்குத்தான். கூட்டம் முடிய ஒரு தாய் தனியே வந்தார். மூன்றரை வயது மகன் இன்னும் ஓர் எழுத்தும் எழுதுகிறான் இல்லை, ரவுணில் உள்ள நேசறியில் அந்த வயதுப் பிள்ளைகள் நூறு வரை எழுதுகிறார்கள், என்ன செய்யலாம் ரீச்சர் என்று கேட்டார். அழுதுவிடுவார் போல இருந்தது. அவர் பிறந்தது இடப்பெயர்வில். பாதிப் படிப்பு முகாமில். தனக்குக் கிடைக்காததை மகனுக்கு ஒரு நாள் முந்தியாவது கொடுத்துவிட வேண்டும் என்ற அவசரம் அவருக்கு. அதை நான் குறை சொல்லமாட்டேன். எனக்கும் அது இருந்தது.

அவருக்கு நான் சொன்ன பதில் ஒரு மணித்தியாலம் நீண்டுவிட்டது. ஓர் இத்தாலிய வைத்தியரின் வாழ்க்கைக் கதை அது. எங்கள் ஊர்களில் எத்தனையோ மதில்களில் மொண்டிசோரி என்று எழுதியிருக்கிறது. அது ஒரு மனுசியின் பெயர் என்பது அந்தத் தாய்க்குத் தெரியாது. உள்ளே படிப்பிக்கிற சிலருக்கும் தெரியாது.

மரியா மொண்டிசோரி 1870 ஓகஸ்ட் 31 அன்று இத்தாலியின் கியாரவாலே என்ற சிற்றூரில் பிறந்தார். தகப்பன் அரசாங்க உத்தியோகத்தர். மகள் ஆசிரியையாக வந்தால் போதும் என்பது அவருடைய எண்ணம். மகள் வைத்தியம் படிக்கப் போனார், தாய் மகளின் பக்கம் நின்றார். ஆண் மாணவர்களுக்கு நடுவே ஒரு பெண் பிரேதத்தைப் பரிசோதிக்கக் கூடாது என்று சொன்னதால், எல்லோரும் போன பிறகு தனியே நின்று அந்தப் பாடத்தைப் படித்தவர். 1896 இல் ரோம் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, அந்த நாட்டின் முதற் பெண் வைத்தியர்களில் ஒருவரானார்.

1898 இல் அவருக்கு ஒரு மகன் பிறந்தான், மாரியோ. பிள்ளையின் தகப்பனும் அவரைப் போல ஒரு வைத்தியர். கல்யாணம் நடக்கவில்லை. அந்தக் காலத்துச் சமூகத்துக்குப் பயந்து பிள்ளையை நாட்டுப்புறத்தில் ஒரு குடும்பத்திடம் வளர்க்கக் கொடுத்தார்கள். மாரியோ தாயிடம் வந்து சேர்ந்தபோது வயது பதினைந்தளவில். அதன் பிறகும் பல வருடங்கள் வெளியாருக்கு அவர் மருமகன் முறையானவராகத்தான் அறிமுகமானார். பிறந்து முதல் ஆறு வருடங்கள்தான் மனிதரை உருவாக்குகின்றன என்று உலகத்துக்குச் சொன்ன பெண், தன் பிள்ளையின் அந்த ஆறு வருடங்களை இழந்தவர். பிள்ளையை அம்மம்மாவிடம் விட்டுவிட்டு மத்திய கிழக்குக்குப் போன தாய்மார் எங்களுக்குள் எத்தனை பேர். அவர்களுக்கு இதைப் பெரிதாக விளக்கத் தேவையில்லை.

முதலில் அவர் பார்த்தது மூளை வளர்ச்சி குறைந்தவர்கள் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளை. கைக்கு வேலை கொடுத்தால் அவர்களின் மூளையும் விழிக்கிறது என்று கண்டார். பிறகு 1907 ஜனவரி 6 அன்று ரோம் நகரின் சான் லொரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் பகுதியில் சிறுவர் இல்லம் ஒன்றைத் திறந்தார். தாய் தகப்பன் கூலிக்குப் போக, மாடிக் குடியிருப்பில் தனியே நின்ற ஐம்பதுக்கு மேற்பட்ட சிறுபிள்ளைகள் சுவரையும் படியையும் பழுதாக்குகிறார்கள் என்று கட்டடக்காரர் கவலைப்பட்டதால் வந்த யோசனை அது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வைத்தவர் பயிற்சி பெற்ற ஆசிரியை அல்ல. பிள்ளைகளின் உயரத்துக்கு மேசை, கதிரை. கையால் எடுத்துப் பொருத்துகிற மரச் சாமான்கள். தாய்மாருக்குக் காசுக் கட்டணம் இல்லை, ஆனால் விதிகள் இருந்தன: பிள்ளையைக் குளிப்பாட்டிச் சுத்தமாக அனுப்ப வேண்டும், கிழமைக்கு ஒரு தடவையாவது வந்து வீட்டில் பிள்ளை எப்படி இருக்கிறது என்று கதைக்க வேண்டும். பள்ளிக்கூடத்தையும் வீட்டையும் அவர் இரண்டாகப் பிரிக்கவில்லை.

அங்கே ஒருநாள் மூன்று வயதளவான ஒரு சிறுமி, அளவு அளவான மர உருளைகளை அதனதன் துளைக்குள் போட்டும் எடுத்தும் கொண்டிருந்தாள். மற்றப் பிள்ளைகளைப் பாடவைத்துப் பார்த்தார் மொண்டிசோரி. அவள் நிமிரவில்லை. கதிரையோடு தூக்கி மேசை மேல் வைத்தார். உருளைகளை மடியில் அணைத்துக்கொண்டு தொடர்ந்தாள். நாற்பது தடவைக்கு மேல் செய்துவிட்டு, நித்திரையால் எழும்பியவள் போலச் சிரித்தபடி நிறுத்தினாள். எத்தனையோ பேர் கண்டும் காணாமல் போயிருக்கக்கூடிய விசயம். மொண்டிசோரி அங்கேயே நின்றுவிட்டார்.

நான் அப்படி நிற்கவில்லை. அதைச் சொல்லவேண்டும்.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுதும் வீதிக்கு வந்தது. தென்மராட்சிக்குப் போனவர்கள் போக, மிச்சப் பேர் வடமராட்சிக்கு வந்தார்கள். கோயில், பள்ளிக்கூடம், தெரிந்தவர் வீட்டு விறாந்தை, எல்லா இடமும் சனம். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. சந்நிதிப் பக்கம் ஒரு மடத்தில் தங்கியிருந்த குடும்பங்களின் சின்னப் பிள்ளைகளை வைத்து அரிவரி படிப்பிக்கத் தொடங்கினேன். பல பிள்ளைகள் பேசவில்லை. தாயின் சீலைத் தலைப்பை விடவில்லை. வானத்தில் இரைச்சல் கேட்டால் மூத்திரம் போய்விடும். நான் பாட்டுச் சொல்லிக் கொடுத்தேன், சிலேட்டில் அ எழுதவைத்தேன், எழுதாதவர்களை வெருட்டினேன்.

நாலு வயதுப் பொடியன் ஒருவன் கடற்கரையில் பொறுக்கிய ஊரிகளைச் சறத்துணியில் முடிந்து கொண்டுவருவான். மூலையில் இருந்து அவற்றைச் சின்னதிலிருந்து பெரியது வரை வரிசையாக அடுக்குவான். கலைப்பான், திரும்ப அடுக்குவான். அ எழுதமாட்டான், வாய் திறக்கமாட்டான். ஒருநாள் இடம் காணாது என்று தும்புத்தடியால் அத்தனையையும் கூட்டி வெளியே தள்ளினேன். அவன் அழவில்லை. அடுத்த நாள் வரவில்லை, அதற்கடுத்த நாளும் வரவில்லை. கொஞ்ச நாளில் அந்தக் குடும்பம் வன்னிக்குப் போய்விட்டது.

பல வருடங்களுக்குப் பிறகு ஒரு பயிற்சி வகுப்பில் உருளைகளோடு இருந்த அந்தச் சிறுமியின் கதையைக் கேட்டபோது எனக்குக் கண் இருண்டது. நான் கூட்டித் தள்ளியது என்னவென்று அன்றைக்குத்தான் விளங்கியது. அந்த மடத்தில் அவனுடைய கைக்குள் அடங்கிய, அவன் சொன்னபடி கேட்ட ஒரே விசயம் அந்த வரிசை.

அதே வகுப்பில்தான் மெசினாப் பிள்ளைகளைப் பற்றியும் கேட்டேன். 1908 டிசம்பரில் இத்தாலியின் மெசினா நகரம் பூமியதிர்ச்சியால் அழிந்தது. பெற்றோரை இழந்த அறுபது வரையான பிள்ளைகளை ரோமில் ஒரு கன்னியர் மடத்தில் சேர்த்தார்கள். பேரும் ஊரும் தெரியாத பிள்ளைகள். சாப்பிடவில்லை, இரவில் அலறினார்கள். மொண்டிசோரியின் முறையில் அங்கே நடந்தது மிகச் சாதாரண விசயங்கள்தான். மேசை விரிக்க, கோப்பையை ஓசைப்படாமல் வைக்க, பூச்சாடிக்குத் தண்ணீர் விட, ஒருவருக்கு ஒருவர் சாப்பாடு பரிமாறப் பழக்கினார்கள். ஒவ்வொரு நாளும் ஒரே நேரம், ஒரே ஒழுங்கு. நாள் போகப் போகப் பிள்ளைகள் ஓடத் தொடங்கினார்கள், சிரிக்கத் தொடங்கினார்கள், நித்திரை வந்தது.

1917 இல், முதலாம் உலகப்போர் நடக்கையில், போரில் அடிபட்ட பிள்ளைகளின் மனதுக்காக வெண்சிலுவை என்றொரு அமைப்பை உருவாக்க அவர் முயன்றார். காயப்பட்ட படையாளுக்குச் செஞ்சிலுவை இருக்கிறது, பயந்துபோன பிள்ளைக்கு யார் என்பதே அவருடைய கேள்வி. அமைப்பு உருவாகவில்லை. உலகம் வேறு வேலையாக இருந்தது. (இப்போதும் அப்படித்தான்.)

அவரை அப்பழுக்கற்றவராக்க நான் விரும்பவில்லை. முசோலினியின் ஆதரவை 1924 அளவில் ஏற்றுக்கொண்டார். பிள்ளையைச் சிந்திக்க விடுகிற பள்ளிக்கூடமும் சர்வாதிகாரமும் ஒத்துப்போகாது என்று தெளிவாக அவருக்குப் பத்து வருடம் எடுத்தது. 1934 இல் இத்தாலியில் அவருடைய பள்ளிகள் மூடப்பட்டன. ஹிட்லரின் ஜெர்மனியிலும் அதுவே நடந்தது. 1936 இல் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் தொடங்க, பார்சலோனாவில் இருபது வருடம் போலக் கட்டிய வாழ்க்கையை விட்டுப் பிரித்தானியப் போர்க்கப்பல் ஒன்றில் ஏறித் தப்பினார். அப்போது அவருக்கு 65 வயது. வீட்டைப் பூட்டித் திறப்பை மடியில் செருகிக்கொண்டு புறப்பட்ட எங்கள் கிழவிமார்தான் எனக்கு நினைவில் வருகிறார்கள்.

1939 நவம்பரில் பிரம்மஞான சபையின் அழைப்பில் மகனோடு சென்னை அடையாறுக்கு வந்தார். பயிற்சிக்கு முந்நூறு பேர் வரை சேர்ந்தார்கள். சில மாதங்கள் தங்கும் எண்ணம். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்க, பிரித்தானியருக்கு அவர்கள் எதிரி நாட்டவர் ஆனார்கள். மாரியோவைப் பிடித்து அகமத்நகர் முகாமில் அடைத்தார்கள், தாய்க்கு வெளியே போகத் தடை. ஓகஸ்ட் 31, தாயின் எழுபதாவது பிறந்தநாள். அன்றைக்கு மகனை விடுவித்தார்கள். மகனைத் திருப்பித் தருவதே பரிசு என்று அரசாங்கம் அறிவித்தபோது, நாற்பது வருடம் மறைத்துவைத்த உறவு ஊரறிய மகன் என்றே வெளிவந்தது. தடுப்பில் இருந்து பிள்ளை வருமென்று காத்திருந்தவர்களுக்கு அந்த நாளின் எடை தெரியும்.

1942 முதல் கொடைக்கானலில் இருந்தார்கள். அங்கே அவரோடு நின்று படிப்பித்தவர்களில் ஒருவர் இலங்கைப் பெண், லீனா விக்ரமரத்ன. 1943 ஜூலை 19 அன்று நேச நாடுகளின் விமானங்கள் சான் லொரென்சோவில் குண்டு போட்டன. முதல் சிறுவர் இல்லம் திறந்த அதே பகுதி. 1944 இல் இலங்கைக்கும் வந்து பயிற்சி நடத்தினார். எங்கள் நாட்டுக்கு இந்தப் பெயர் வேரோடியது அந்த வருடங்களில்தான். தாய்மார் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே சந்தைக்கும் கோயிலுக்கும் போவதை அவர் பெரிதாக மதித்தார். தொட்டிலில் தனியே கிடக்கிற பிள்ளையைவிட இடுப்பில் இருக்கிற பிள்ளை பேச்சையும் உலகத்தையும் கூடுதலாக உள்வாங்குகிறது என்பது அவர் கண்டது. நோபல் சமாதானப் பரிசுக்கு 1949, 1950, 1951 ஆகிய மூன்று வருடங்களும் அவருடைய பெயர் போனது, பரிசு வரவில்லை. 1952 மே 6 இல் நெதர்லாந்தில் கடலோர ஊர் ஒன்றில் இறந்தார்.

கதை முடிய அந்தத் தாய், அப்போ எழுத்து ரீச்சர் என்றார்.

நான் ஏடு தொடக்கலை நினைவுபடுத்தினேன். விஜயதசமிக்கு மடியில் இருத்தி, பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் அ எழுதவைக்கிறோம். பிறகு அந்தத் தட்டத்தை எடுத்துவைத்துவிட்டுப் பென்சிலைத் திணிக்கிறோம். மொண்டிசோரி செய்தது, அந்த அரிசித் தட்டத்தை எடுத்துவைக்காமல் விட்டதுதான். சொரசொரப்பான கடதாசியில் வெட்டி ஒட்டிய எழுத்துக்களைப் பிள்ளைகள் மாதக்கணக்கில் விரலால் தடவினார்கள், ஒலியைச் சொன்னார்கள். பென்சிலுக்கு வேண்டிய விரல் பலம் வேறு வேலைகளால் வந்தது. பிறகு ஒருநாள் ஒரு பிள்ளை சோக்கட்டியை எடுத்துத் தானே எழுதியது. ஒன்றைப் பார்த்து ஒன்றாக மற்றப் பிள்ளைகளும் எழுதின. நாலு வயதுப் பிள்ளைகள்.

அதனால் அவன் விரலுக்கு வேலை கொடு பிள்ளை என்றேன். பயறும் உழுந்தும் கலந்து சுளகில் போட்டு விடு, அவன் பிரிக்கட்டும். பேணியால் அரிசி அள்ளி ஊற்றட்டும். தன் சட்டைப் பொத்தானைத் தானே பூட்டட்டும், நீ அவசரப்பட்டுக் கையை நீட்டாதே. சிந்தினால் துடைக்கச் சின்னத் துணி ஒன்றைக் கிட்ட வை. என்ன செய்தாய் என்று பின்னேரம் அவனோடு இருந்து கதை. போனைக் கொடுத்தால் அவன் அமைதியாக இருப்பான், ஆனால் அவனுடைய கை நித்திரையாகப் போய்விடும். அவன் ஒரு வேலையில் ஆழ்ந்திருந்தால் சாப்பாட்டுக்குக்கூடக் கொஞ்சம் பொறுத்துக் கூப்பிடு. வயதுக்கேற்ற பேச்சு இல்லை, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறான் இல்லை என்றால் மட்டும் பிந்தாமல் கிளினிக் கொப்பியோடு குடும்பநல உத்தியோகத்தரிடம் போ.

போன கிழமை சந்நிதியில் அவரைக் கண்டேன். கிணற்றடியில் செம்பும் கையுமாக மகன் ஒரு வாளித் தண்ணீரையும் ஊற்றித் தீர்த்துவிட்டான் என்று முறைப்பாடு சொன்னார். எத்தனை தடவை ஊற்றினான் என்று கேட்டேன். எண்ணவில்லை, ஆனால் நிற்பாட்டவும் இல்லை என்றார். பொடியன் ஆற்றங்கரை மணலில் குந்தியிருந்து ஊரி பொறுக்கிக்கொண்டிருந்தான்.