தசைகளைத் தமிழில் படிப்பித்த டாக்டர் கிறீன்



சென்ற வருடம் ஜொகூர் பாருவில் என் கடையில் அரிசி மூட்டையைத் தூக்கும்போது தொடையின் பின்புறம் சுரீரென்று பிடித்துக்கொண்டது. வைத்தியர் தசையின் பேரை ஆங்கிலத்தில் சொன்னார். மத்ரஸாவும் ஆரம்பப் பள்ளியும் மட்டுமே கண்ட நான், புரிந்தவன்போல் தலையாட்டிவிட்டு வந்தேன். என் காலில் உள்ளதன் பேர் எனக்கே தெரியவில்லையே என்று வெட்கமாயிருந்தது. அந்த வெட்கம் தமிழருக்கு வரலாகாது என்று பாடுபட்ட ஒருவர் முன்னமே இருந்திருக்கிறார்.

சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822ஆம் வருடம் அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாகாணத்து வூஸ்டர் நகரில் பிறந்தார். 1845இல் நியூயார்க்கில் வைத்தியப் பட்டம் பெற்று, 1847இல் கிறிஸ்தவ மிஷனின் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்தார். அடுத்த வருடமே மானிப்பாயில் அமர்ந்து நோயாளரைப் பார்க்கவும், வாலிபர்களுக்கு வைத்தியம் படிப்பிக்கவும் தொடங்கினார்.

முதலில் ஆங்கிலத்தில்தான் படிப்பித்தார். ஆனால் ஆங்கிலம் கற்றவர்கள் நல்ல சம்பளத்தை நாடி வெளியூர் போய்விட, கிராமத்து ஏழைகள் முன்போலவே வைத்தியரின்றி இருந்தார்கள். ஆகவே தாமே தமிழ் பயின்று, 1864 முதல் தமிழிலேயே பாடம் நடத்தலானார். தமிழ்ச் சொல் கிடைக்காவிட்டால் சமஸ்கிருதம், அதுவும் இல்லாவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதுவது என்று ஒழுங்கு வகுத்தார். ஹென்றி கிரே 1858இல் லண்டனில் வெளியிட்ட பெரிய உடற்கூற்று நூல், அவரும் மாணவர்களும் பட்ட சிரமத்தால் 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' என்று தமிழில் வந்தது.

தசைகளைப் படிப்பது நம் பேரேடு எழுதுவது போன்றது. ஒவ்வொன்றும் எந்த எலும்பில் தொடங்குகிறது, எதில் போய்ப் பற்றுகிறது, எதை அசைக்கிறது என்று வரிசையாக மனத்தில் பதிக்க வேண்டும். சுஜூதிலிருந்து எழும்போது இடுப்பின் பின்புறப் பெருந்தசை இடுப்பை நிமிர்த்துகிறது. தொடையின் முன்புறத்து நான்கு தலைத் தசை முழங்காலை நீட்டுகிறது. பின்புறத்து மூன்று தசைகள் முழங்காலை மடக்குகின்றன. என்னைப் பிடித்தது இவற்றில் ஒன்றுதான். இடுப்பு முனையிலிருந்து தொடையைக் குறுக்கே கடந்து முழங்காலுக்குக் கீழே சேர்வது உடம்பிலேயே நீளமான தசை. சம்மணமிட உதவுவதால் அதற்குத் தையற்காரர் பேர். கெண்டைக்கால் தசை குதிகாலைத் தூக்குவதால் நாம் மேல் தட்டுச் சரக்கை எட்டி எடுக்கிறோம்.

இப்னு சீனா அவர்கள் தமது 'கானூன்' நூலில் தொடை, முழங்கால் தசைகளை அரபு மொழியில் வகுத்து எழுதினார்கள். அதே காரியத்தைத் தமிழில் நடத்திக் காட்டியவர் டாக்டர் கிறீன். அவர் வேறு மார்க்கத்தவர், போதிக்கவும் வந்தவர். அதனால் அவர் செய்த உபகாரத்தை மறப்பது நியாயமாகாது.

அவரிடம் படித்துத் தேறிய வைத்தியர்கள் அறுபதுக்கு மேற்பட்டவர்கள். 1873இல் ஊர் திரும்பிய பின்னும் தமிழ் நூல் வேலையை அவர் விடவில்லை. 1884 மே 28ஆம் தேதி காலமானார். தமிழருக்கு ஊழியஞ்செய்த வைத்தியர் என்பதையே தம் கல்லறையில் பொறிக்கும்படி கேட்டிருந்தார். மானிப்பாய் வைத்தியசாலை இன்றும் அவர் பேரில் நிற்கிறது. ஆனால் யாழ்ப்பாண மருத்துவ பீடத்தில் இன்று பாடமொழி ஆங்கிலமே.

சகோதரர்களே! வைத்தியர் சொல்வது விளங்காவிட்டால் தலையாட்டாதீர்கள். தெரிந்த மொழியில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.