கயத்தாறில் சிலையாக நிற்கும் கட்டபொம்மன்... எதிர்த்து எழுதிய துப்பறியும் நாவலாசிரியர்! யார் இந்த தமிழ்வாணன்?

மதுரையிலிருந்து திருநெல்வேலி போகிற வழியில் கயத்தாறைத் தாண்டாமல் போக முடியாது. 1799 அக்டோபர் 16-ம் தேதி வீரபாண்டிய கட்டபொம்மனைப் புளியமரத்தில் தூக்கிலிட்ட ஊர். அவராக நடித்த சிவாஜி கணேசன், இங்கே சொந்தப் பணத்தில் இடம் வாங்கிச் சிலையும் வைத்தார்.

இந்த ஊர்க்காரர்களிடம் போய் கட்டபொம்மன் கொள்ளைக்காரர் என்று சொன்னால் எப்படி இருக்கும்? அதையே புத்தகத் தலைப்பாக வைத்தவர்தான் தமிழ்வாணன். துப்பறியும் சங்கர்லாலை உருவாக்கிய அதே தமிழ்வாணன்!

1926-ல் தேவகோட்டையில் பிறந்தவர். இயற்பெயர் ராமநாதன். சிறுவர் பத்திரிகைகளில் தொடங்கி, குமுதம் ஆசிரியர் எஸ்.ஏ.பி. தொடங்கிய 'கல்கண்டு' இதழுக்கு ஆசிரியரானார். எஸ்.ஏ.பி. வெளியே முகம் காட்டவே கூச்சப்படுகிறவர். இவரோ தொப்பி, கறுப்புக் கண்ணாடி இல்லாமல் வெளியே வரமாட்டார். இந்த இரண்டையும் மட்டும் கார்டில் வரைந்து போட்டாலே தபால் சரியாக இவர் வீட்டுக்குப் போய்விடும் என்று அந்தக் கால வாசகர்கள் இன்றும் சொல்வார்கள். இப்படி நேரெதிரான ரெண்டு பேர், கடைசி வரைக்கும் ஒரே குடும்பப் பத்திரிகையில் சேர்ந்து வேலை பார்த்தார்கள்.

சரி, சங்கர்லாலுக்கு வருவோம். துப்பறிவாளர் என்றாலே நமக்கு ஷெர்லாக் ஹோம்ஸ் மாதிரி தனிக்கட்டைதான் நினைவுக்கு வரும். சங்கர்லால் அப்படி இல்லைங்க. அவருக்கு இந்திரா என்று மனைவி உண்டு. வீட்டில் மாது என்கிற உதவியாள். காவல்துறையில் வகாப் என்கிற நண்பர். கொலை, கடத்தல், ரகசிய அறை எல்லாம் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்கும். நடுவில் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் தேநீர் வரும். கவனிங்க, 'டீ' இல்லை, தேநீர். நல்ல தமிழில் எழுத வேண்டும் என்பதில் அவ்வளவு பிடிவாதம் அவருக்கு. வில்லன்கூட சுத்தத் தமிழில்தான் மிரட்டுவார்!

இன்றைக்கு எடுத்துப் படித்தால் யார் குற்றவாளி என்பதைப் பாதியிலேயே ஊகித்துவிடலாம். ஆனால் அந்தத் தேநீர் நேரம் மட்டும் பழசாகவில்லை. எவ்வளவு பெரிய ஆபத்துக்குள் போனாலும் இந்த மனுஷனுக்குத் திரும்பி வர ஒரு வீடு இருக்கிறது, கூப்பிட்டால் வர வகாப் இருக்கிறார் என்ற தைரியம் படிக்கிறவருக்கும் வந்துவிடும். வெள்ளையத்தேவன், ஊமைத்துரை இல்லாமல் கட்டபொம்மன் கதை சொல்ல முடியுமா? அது மாதிரிதான் இதுவும்.

அப்புறம் ஏன் அந்தப் புத்தகம்?

எல்லோரும் கொண்டாடுகிற ஒருவர் மீதான வழக்கை மறுபடி திறந்து பார்க்கிற துப்பறிவாளர் புத்திதான் காரணம் என்று தோன்றுகிறது. கட்டபொம்மன் பக்கத்துப் பாளையங்களில் கொள்ளையடித்தார் என்பது கம்பெனி தரப்புப் பதிவுகளில் உள்ள குற்றச்சாட்டு. ஆனால் அதை எழுதியவர்கள் அவரைத் தூக்கிலிட்டவர்கள். வரி கட்ட மறுத்தவரை அவர்கள் வேறு எப்படி எழுதியிருப்பார்கள்? எதிர்ப்பக்கத்தில் ம.பொ.சி.யின் எழுத்தும், 1959-ல் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படமும் நின்றன. மக்கள் யார் பக்கம் போனார்கள் என்பதற்குக் கயத்தாறு சிலையே சாட்சி. சங்கர்லாலாக இருந்திருந்தால், ஒரு தரப்பு வாக்குமூலத்தை மட்டும் வைத்து வழக்கை முடித்திருக்க மாட்டார் என்பது இந்தக் கட்டுரை எழுதுகிறவரின் கருத்து.

இதனால் வாசகர்கள் அவரை விட்டுப் போய்விடவில்லை. கல்கண்டில் கேள்வி கேட்டு எழுதினார்கள். மருத்துவம், ஜோதிடம், தன்னம்பிக்கை என்று அவர் எதை எழுதினாலும் வாங்கினார்கள். 'துணிவே துணை' என்பது அவரது முத்திரை வாசகம். அதே பெயரில் 1976-ல் ஜெய்சங்கர் நடித்த படமும் வந்தது.

அடுத்த ஆண்டு நவம்பரில் தமிழ்வாணன் காலமானார். வயது 51தான். கல்கண்டு ஆசிரியர் பொறுப்பு மகன் லேனா தமிழ்வாணனிடம் போனது. அப்பா தொடங்கிய மணிமேகலைப் பிரசுரத்தை இன்னொரு மகன் ரவி தமிழ்வாணன் கவனித்துக்கொண்டார். சங்கர்லால் நாவல்கள் அங்கிருந்து மறுபதிப்பாக வந்தன, இந்திராவோடும் மாதுவோடும், ஆறாத தேநீரோடும்.