அடிகளாரின் நூற்செல்வம்

செல்வம் பலவகைப்படும். நிலமும் பொன்னும் ஈட்டியவன் மறைந்தபின், அவை அவன் மக்களுக்குள் பங்கிடப்பட்டுச் சிறுத்துப் போகும். ஒருவர் வாழ்நாளெல்லாம் சேர்த்த நூற்செல்வமோ, காப்பார் இன்றேல், அதனினும் விரைவில் அழியும். தந்தையார் அரிதின் தேடிய நூல்களை எடைக்கு விற்றுவிட்ட இல்லங்கள் நம் நாட்டில் பல. ஏட்டுச் சுவடிகளை ஆடிப் பெருக்கில் ஆற்றில் விட்ட காலமும் ஒன்று இருந்தது. இத்தகைய நாட்டில், தம் வருவாயின் பெரும்பகுதியை நூல்களுக்கே செலவிட்டு, அவற்றைப் பயன்கருதிக் கற்று, இறுதியில் அவையனைத்தையும் தமிழ்மக்களுக்கே உரிமையாக்கிச் சென்றவர் மறைமலையடிகள். அவருடைய வரலாறு, நூல்களைச் சேர்ப்பது எவ்வாறு, கற்பது எவ்வாறு, காப்பது எவ்வாறு என்னும் மூன்றையும் நமக்குக் கற்பிப்பதாகும்.

பிறப்பும் இளமையும்

மறைமலையடிகள் நாகப்பட்டினத்தை அடுத்த காடம்பாடியில் 1876-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 15-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் சொக்கநாத பிள்ளை. அவர் ஒரு மருத்துவர். தாயார் சின்னம்மையார். நெடுங்காலம் மகப்பேறின்றி இருந்த பெற்றோர், திருக்கழுக்குன்றத்து இறைவனை வேண்டிப் பெற்ற பிள்ளையாதலின், அவ்விறைவன் பெயரால் வேதாசலம் என்று பெயரிட்டனர்.

நாகையில் இருந்த வெசுலியன் மிசன் பள்ளியில் வேதாசலம் பயின்றார். இளமையிலேயே தந்தையார் மறைந்தார். அதனால் பள்ளிப் படிப்பு ஒன்பதாம் வகுப்பளவில் நின்றுவிட்டது. பள்ளி நின்றதேயன்றிப் படிப்பு நிற்கவில்லை. நாகையில் நாராயணசாமிப் பிள்ளை என்னும் புலவர் ஒருவர் புத்தகக் கடை வைத்திருந்தார். வேதாசலம் அவரையே தம் ஆசிரியராகக் கொண்டார். நூல் விற்கும் இடமே நூல் கற்கும் இடமாகவும் அமைந்தது அவருடைய நற்பேறு எனலாம். சைவ சித்தாந்த நுட்பங்களைச் சோமசுந்தர நாயகரிடம் கேட்டறிந்தார்.

அக்காலம் தமிழுக்கு ஒரு விடியற்காலம். பல நூற்றாண்டுகள் ஏட்டில் உறங்கிக் கிடந்த பழந்தமிழ் நூல்கள் ஒவ்வொன்றாக அச்சேறி வந்தன. சி. வை. தாமோதரம் பிள்ளை 1887-இல் கலித்தொகையை வெளியிட்டார். அதே ஆண்டில் உ. வே. சாமிநாத ஐயர் சீவக சிந்தாமணியை வெளியிட்டார். 1889-இல் பத்துப்பாட்டும், 1892-இல் சிலப்பதிகாரமும், 1894-இல் புறநானூறும் அவரால் வெளிவந்தன. இந்நூல்கள் வெளிவந்தபோது வேதாசலம் பதினொன்று முதல் பதினெட்டு அகவை வரையுள்ள இளைஞர். புதிதாக அச்சேறிய ஒரு நூலைக் கையில் ஏந்துவது அவருக்குப் புதையல் எடுப்பது போன்றதே. இருபத்தொன்றாம் அகவைக்குள் பழந்தமிழ் நூல்களுள் பெரும்பாலானவற்றை அவர் கற்றுத் தேர்ந்தார்.

ஆசிரியப் பணி

1897-இல் நல்லசாமிப் பிள்ளையின் சித்தாந்த தீபிகை என்னும் இதழில் வேதாசலம் சிலகாலம் பணிபுரிந்தார். 1898-இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியர் ஆனார். அங்கே தமிழ்த்துறையில் வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியார் தலைமை பூண்டிருந்தார். பள்ளியிறுதித் தேர்வும் எழுதாத ஒருவர் கல்லூரியில் ஆசிரியராய் அமர்ந்தது, அவர் தாமே தேடிக் கற்ற கல்வியின் பெருமையைப் புலப்படுத்தும்.

பதின்மூன்று ஆண்டுகள் அவர் கல்லூரியில் தமிழ் கற்பித்தார். 1902-இல் ஞானசாகரம் என்னும் திங்களிதழைத் தொடங்கினார். முல்லைப்பாட்டுக்கும் பட்டினப்பாலைக்கும் ஆராய்ச்சியுரைகள் எழுதினார். வடமொழியிலிருந்து சாகுந்தலத்தைத் தமிழாக்கினார். ஆங்கில ஆசிரியர் அடிசனின் கட்டுரைகளைத் தழுவிச் சிந்தனைக் கட்டுரைகள் என்னும் நூலை ஆக்கினார். இவற்றை நோக்குவார்க்கு ஓர் உண்மை விளங்கும். தமிழ், வடமொழி, ஆங்கிலம் ஆகிய மும்மொழி நூல்களும் அவருடைய இல்லத்தில் இடம்பெற்றிருந்தன; அவை அழகுக்காக அடுக்கி வைக்கப்பட்டவை அல்ல. ஒரு மொழியில் கற்றது மற்றொரு மொழியில் ஒரு நூலாக மலர்ந்தது.

வருவாய் நின்றது, வாங்குதல் நிற்கவில்லை

அக்காலத்தில் பல்கலைக்கழகத்தில் தமிழ் கட்டாயப் பாடம் என்னும் நிலையை இழந்தது. கல்லூரிகளில் தமிழாசிரியரின் தேவை குறைந்தது. 1911-இல் வேதாசலம் கல்லூரிப் பணியினின்று நீங்கினார். திங்கள்தோறும் வந்துகொண்டிருந்த ஊதியம் நின்றது. குடும்பமோ பெரிது. அந்நிலையில் வேறொருவராயின், நூல் வாங்குவதை முதலில் நிறுத்தியிருப்பார். கையிலிருந்த நூல்களை விற்கவும் துணிந்திருப்பார். அவர் அவ்வாறு செய்யவில்லை. சென்னையை அடுத்த பல்லாவரத்தில் குடியேறி, அவ்வாண்டிலேயே துறவுக்கோலம் பூண்டார். சமரச சன்மார்க்க நிலையம் என்னும் அமைப்பை நிறுவினார். திருமுருகன் அச்சுக்கூடம் என்னும் பெயரால் ஓர் அச்சகமும், மணிமொழி நூல்நிலையம் என்னும் பெயரால் ஒரு நூலகமும் அவருடைய பல்லாவர வாழ்வின் இரு கண்களாய் விளங்கின. சொற்பொழிவாலும் தாம் எழுதிய நூல்களின் விற்பனையாலும் கிடைத்ததைக் கொண்டு வாழ்ந்தார். 1914, 1917, 1921 ஆகிய ஆண்டுகளில் ஈழநாடு சென்றும் சொற்பொழிவாற்றினார்.

1916-ஆம் ஆண்டளவில் அவர் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கினார். வேதம் என்பதை மறை என்றும், அசலம் என்பதை மலை என்றும் ஆக்கித் தம் பெயரை மறைமலையடிகள் என்று மாற்றிக்கொண்டார். ஞானசாகரம் அறிவுக்கடல் ஆயிற்று. சமரச சன்மார்க்க நிலையம் பொதுநிலைக் கழகம் ஆயிற்று. மகளார் நீலாம்பிகை அம்மையாரும் இப்பணியில் தந்தையாருக்குத் துணைநின்றார்.

நூல் சேர்த்த முறை

நூல்களைச் சேர்ப்பார் இருவகையினர். கண்ணிற் பட்டதையெல்லாம் வாங்கிக் குவிப்பார் ஒருவகையினர். தாம் கற்கவும் ஆராயவும் வேண்டிய துறைகளை வரையறுத்துக்கொண்டு, அவற்றுக்கு வேண்டும் நூல்களைத் தேடிச் சேர்ப்பார் மற்றொரு வகையினர். அடிகளார் இரண்டாம் வகையினர். அவர் சேர்த்த முறையை அவர் எழுதிய நூல்களைக் கொண்டே உணரலாம். சங்க இலக்கியம், சைவ சித்தாந்தம், தமிழர் வரலாறு, வடமொழி இலக்கியம், ஆங்கில இலக்கியம், உடல்நலம், உள்ளத்தின் இயல்பு எனத் துறைகள் பலவற்றில் அவர் எழுதினார். மக்கள் நூறாண்டு உயிர்வாழ்தல் எப்படி என்பது உடல்நலம் பற்றிய நூல். தொலைவிலுணர்தல் என்பது உள்ளத்தின் ஆற்றல் பற்றியது. ஒவ்வொரு நூலின் பின்னும் அத்துறையில் அவர் கற்ற நூல்கள் பல அணிவகுத்து நின்றன.

நூற்றொகுதி ஒரே நாளில் நிறைவதன்று. எட்டுத்தொகையை எடுத்துக்கொள்வோம். கலித்தொகை வெளிவந்தது 1887-இல், ஐங்குறுநூறு 1903-இல், பதிற்றுப்பத்து 1904-இல், நற்றிணையும் குறுந்தொகையும் 1915-இல், பரிபாடல் 1918-இல். எனவே, எட்டுத்தொகை முழுவதையும் தம் அலமாரியில் காண விரும்பிய ஒருவர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. பொறுமையும் விழிப்பும் இல்லாதார்க்கு இது கைகூடுமோ?

கற்ற முறை

அடிகளார் 1898-ஆம் ஆண்டு முதல் 1950-ஆம் ஆண்டு வரை நாட்குறிப்பு எழுதிவந்தார். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஒருவர் தம் நாளைத் தாமே கணக்கிட்டுப் பார்ப்பது அரிய செயல். கற்றதும் எழுதியதும் அக்குறிப்புகளில் இடம்பெற்றன. பொருள்வரவு செலவுக்கு வணிகன் கணக்கு வைப்பதுபோல, காலத்தின் வரவு செலவுக்கு அவர் கணக்கு வைத்தார். ஆண்டு தோறும் என்ன கற்றோம், என்ன விடுபட்டது என்பதை அத்தகைய கணக்கு காட்டிக் கொடுக்கும்.

அவருடைய ஆழ்ந்த கல்விக்கு ஒரு சான்று, மாணிக்கவாசகர் வரலாறும் காலமும் என்னும் பெருநூல். அது 1930-இல் வெளிவந்தது. பல ஆண்டுகள் முயன்று, இலக்கியச் சான்றுகளையும் வரலாற்றுச் செய்திகளையும் ஒப்புநோக்கி அவர் அதனை எழுதினார். மாணிக்கவாசகர் மூன்றாம் நூற்றாண்டினர் என்பது அவர் கண்ட முடிவு. பிற்கால அறிஞர் பலர் அம்முடிவை ஏற்கவில்லை. மாணிக்கவாசகரை ஒன்பதாம் நூற்றாண்டளவினர் என்பர். ஆயினும், ஒரு கருத்தை நிறுவுவதற்குச் சான்றுகளை எவ்வாறு தேடித் தொகுக்க வேண்டும் என்பதற்கு அந்நூல் இன்றும் எடுத்துக்காட்டாகவே உள்ளது. நூல்கள் கைக்கெட்டும் தொலைவில் முறையாக இருந்தாலன்றி இத்தகைய ஆராய்ச்சி நடைபெறாது.

தமிழ்மக்களுக்குத் தந்த கொடை

அடிகளார் சேர்த்த நூல்கள் ஏறத்தாழ 4,000. தமிழ்நாட்டின் கடலோரப் பகுதிகளில் நூல்களைக் காப்பது எளிதன்று. ஈரக்காற்று தாளை நைக்கும், செல் அரிக்கும், இராமபாணப் பூச்சி அட்டையைத் துளைக்கும். இவற்றினின்று நூல்களை வாழ்நாள் முழுதும் காத்துவிட்டாலும், பெரிய இடர் ஒன்று எஞ்சி நிற்கும். உரியவர் மறைந்தபின் தொகுதி சிதறிவிடும். நூறு நூல்களை நூறு பேர் எடுத்துச் சென்றால், நூல்கள் இருக்கும், நூலகம் இராது.

இதனை அடிகளார் நன்குணர்ந்திருந்தார். எனவே, தம் நூல்கள் தமிழ்மக்களின் பொதுப்பயனுக்கு உரியனவாதல் வேண்டும் என்று விருப்பமுறி எழுதிவைத்தார். 1950-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 15-ஆம் நாள் அவர் மறைந்தார். அவருடைய விருப்பத்தை நிறைவேற்றும் பொறுப்பைத் திருநெல்வேலித் தென்னிந்திய சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தின் வ. சுப்பையா பிள்ளை ஏற்றார். 1958-இல் சென்னை இலிங்கிச் செட்டித் தெருவில் மறைமலையடிகள் நூல்நிலையம் திறக்கப்பெற்றது. அடிகளாரின் நூல்களை அடிப்படையாகக் கொண்டு தொடங்கிய அந்நிலையம், மேலும் பல்லாயிரம் நூல்களையும் இதழ்களையும் சேர்த்து வளர்ந்தது. தமிழாராய்ச்சி செய்வோர் பலர் அதனை நாடி வந்தனர். 2008-இல் அது கன்னிமாரா பொது நூலகக் கட்டடத்திற்கு மாற்றப்பெற்றது. ஒருவர் வீட்டில் இருந்த தொகுதி, ஒரு நாட்டின் செல்வமாயிற்று.

நாம் கொள்ள வேண்டுவது

அடிகளாரைப்போல் நாலாயிரம் நூல்களைச் சேர்த்தல் எல்லார்க்கும் இயலாது. அவருடைய முறையைப் பின்பற்றுதல் எல்லார்க்கும் இயலும். ஏம்பலம் போன்ற ஒரு சிற்றூரில் வாழும் மாணவரிடம் பத்து நூல்கள் இருக்கலாம். அவற்றை இலக்கியம், வரலாறு, அறிவியல் எனத் துறைவாரியாகப் பிரித்து அடுக்கலாம். ஒரு குறிப்பேட்டில் நூலின் பெயர், ஆசிரியர் பெயர், பெற்ற நாள் ஆகியவற்றை எழுதலாம். மழைக்காலம் கழிந்ததும் நூல்களை வெளியே எடுத்துத் துடைத்து, நிழலில் காற்றாட வைக்கலாம். தம்மிடம் இல்லாத நூல்களுக்குப் பொது நூலகத்தை நாடலாம். புதுச்சேரியில் இன்று ரோமன் ரோலண்டு பெயரால் விளங்கும் நூலகம் 1827-ஆம் ஆண்டிலேயே தோன்றியதன்றோ?

கற்பதற்கும் கணக்கு வேண்டும். நாளொன்றுக்குப் பத்துப் பக்கம் கற்பவர் ஓராண்டில் 3,650 பக்கங்கள் கற்பார். இருநூறு பக்க நூல்களாயின் அவை பதினெட்டு நூல்கள் ஆகும். ஆண்டின் தொடக்கத்தில் அப்பதினெட்டையும் தேர்ந்து எழுதிக்கொண்டு, முடித்த நாளை எதிரே குறித்துவந்தால், ஆண்டிறுதியில் நாம் கடந்துவந்த வழி கண்முன் தெரியும். கற்க எண்ணியும் கல்லாது விட்டவையும் தெரியும். அவை அடுத்த ஆண்டின் பட்டியலில் முதலிடம் பெறும்.

ஒன்பதாம் வகுப்போடு பள்ளியைவிட்ட ஒருவரைத் தமிழுலகம் போற்றும் பேரறிஞராக்கியவை அவர் வாங்கிய நூல்கள் அல்ல. வாங்கி, வரிசைப்படுத்தி, நாள்தோறும் கற்ற நூல்களே. அவற்றைத் தமக்குப்பின் வருவோர்க்கும் ஈந்து சென்றமையால், அவர் கற்ற கல்வி அவரோடு முடியவில்லை.